நீல மையில் தேதி போட்ட பதினோரு முட்டை

ஹேமாவதியைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அவளுடைய நேர்மையைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நான் அவள் சொன்ன பொய்யிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பொய்யில் எனக்கும் சரிபாதி பங்கு உண்டு. அதனால் அதைச் சொல்கிற உரிமையும் எனக்கு இருக்கிறது.

என் பெயர் கெசியா. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு. வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. ஞாயிறும் புதனும் காலையில் டிவிஎஸ் வண்டியின் பின்னால் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஹேமாவதி எங்கள் காலனிக்குள் வருவாள். நாற்பத்தாறு வயது. ஒல்லி உடம்பு, பெரிய குரல். வண்டியை நிறுத்தி ஒரே ஒரு முறை ஹார்ன் அடிப்பாள். இரண்டாவது முறை அடிக்க மாட்டாள். காதில் விழவில்லை என்றால் அது உங்கள் பாடு.

பதினொரு வருடம் பல்லாவரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலையில் இருந்தவள். வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும் டாக்டர் மெஷினை விடச் சொல்லிவிட்டார். அவள் புருஷன் அரிகிருஷ்ணன் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய அண்ணன்கள் படப்பைக்கு உள்ளே இருந்த நிலத்தை மனைபோட்டு விற்றுவிட்டார்கள். இவர்கள் பங்குக்கு வந்த ஒரு ஏக்கர் மட்டும் விற்காமல் கிடந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாற்பது கோழி வாங்கி அதில் விட்டாள். முதல் மாதமே இருபத்திரண்டு செத்துப்போயின. மிச்சம் பதினெட்டை வைத்துக்கொண்டு தொழிலைக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு நூற்றைம்பது கோழிகள் அந்த ஒரு ஏக்கரில் வெயிலிலும் நிழலிலும் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

அவளுக்குச் சில சட்டங்கள் உண்டு. காலை பத்து மணிக்கு முன்னால் கொட்டகைக் கதவைத் திறக்க மாட்டாள். பத்துக்குள் பெரும்பாலான கோழிகள் பெட்டிக்குள் முட்டை போட்டுவிடும். அதற்கு முன் திறந்துவிட்டால் புதருக்குள் போய் ஒளித்துப் போடும். வெளியில் கிடைக்கிற முட்டை எத்தனை அழகாக இருந்தாலும் அட்டைக்குப் போகாது. என்றைக்குப் போட்டது என்று தெரியாது, அதனால் விற்கக் கூடாது. முட்டையைக் கழுவக் கூடாது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி போட வேண்டும். பேனா மை ஓட்டுக்குள் இறங்கும் என்று பேனாவைத் தொட மாட்டாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பண்ணையில் சேவல் கிடையாது. மனை வாங்கி வீடு கட்டி வந்தவர்கள் விடியற்காலையில் சேவல் கூவுகிறது என்று சண்டைக்கு வந்ததால் சேவல் வளர்ப்பதையே விட்டுவிட்டாள். பிறகு அதுவே அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்தவர் வேதா மாமி.

ஏரிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற மாமியின் கணவர் பட்டாபிராமன் போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். உடம்பு தேற தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுபத்து நாலு வருடம் முட்டை வாசனை அறியாத மனிதர். மாமி என்னிடம் வந்து அழுதார்கள். நான்தான் ஹேமாவதியைக் காட்டிவிட்டேன். என் வீட்டு வாசலில் வைத்து மாமி அவளிடம் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது இல்லை.

"இதுல உயிர் இருக்காதோன்னோ?"

"சேவலே இல்லாத பண்ணை மாமி. சேவல் இல்லன்னா முட்டையில உசுரு ஏது. டீச்சரையே கேளுங்க."

நானும் டீச்சர் குரலில் தலையாட்டினேன். மாமி அன்றிலிருந்து வாங்கினார்கள். அடுப்படியில் சமைக்கவில்லை. பின்பக்க பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் தனியாக ஒரு கரண்ட் அடுப்பு, தனிப் பாத்திரம். ஃப்ரிட்ஜில் பால் தயிர் பக்கத்தில் முட்டை வைக்க மனம் வராமல் அதே பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்தார்கள். வெந்நீரில் முட்டையை இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் சொல்வார்கள். ஆனால் காலனி முழுக்க அவர்களே சொல்லிப் பரப்பினார்கள், ஹேமாவதியிடம் வாங்கினால் பாவம் கிடையாது என்று. 'ஹேமா முட்டை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டானது. நாற்பத்தெட்டு வீடு சேர்ந்தது.

இப்போது பொய்க்கு வருகிறேன். ஆடி மாதம் அரிகிருஷ்ணன் ஒரு சேவலைக் கொண்டுவந்து பண்ணையில் விட்டார். வருடத் தொடக்கத்தில் அவர் பஸ் வண்டலூர் பக்கம் லாரியோடு மோதி, கண்ணாடி மட்டும் நொறுங்கி ஆள் தப்பித்தார். அப்போதே ஊர் எல்லையம்மனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாராம். நேர்ந்துவிட்ட சேவலைக் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. தைத் திருவிழா வரை அது இஷ்டப்படி திரியும். இவள் வேண்டாம் என்று கத்தியிருக்கிறாள். "உன் வாடிக்கைக்காரங்க பெருசா, எனக்கு உசுரு குடுத்த அம்மன் பெருசா" என்று ஒரே கேள்வியில் அவர் இவள் வாயை அடைத்துவிட்டார்.

செப்டம்பரில் ஒரு நாள் ஃபோனில் பேசும்போது பின்னால் சேவல் கூவுவது எனக்குக் கேட்டது. அது என்னவென்று விசாரித்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். மாமியிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அன்னன்னிக்கு எடுத்துடற முட்டையில ஒண்ணும் வளராது. மாமிகிட்ட சொல்லி அவங்களக் குழப்பாதே. கேட்டா இல்லன்னே சொல்லு." அறிவியல்படி நான் சொன்னது சரி. மாமி கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். அடுத்த வாரம் மாமி கேட்டபோது ஹேமாவதி சேவல் இல்லை என்றே சொன்னாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு. காலை எட்டு பத்து. அன்று தேவாலயத்தில் எட்டரை மணி ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது என் முறை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கேட்டில் நின்றேன். ஹேமாவதி என் எவர்சில்வர் பாத்திரத்தில் ஆறு முட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அரிகிருஷ்ணன்.

"ஹேமா, நம்ம கருப்பி கெடச்சிடுச்சி. கீரி தூக்கிக்கினு போவல. தென்ன மட்ட குவியலாண்ட சுத்திச் சுத்தி வந்து கத்திக்கினு கீது."

கருப்பி என்பது பன்னிரண்டு நாள் முன்னால் காணாமல் போன கோழி. கீரி பிடித்துவிட்டது என்று ஹேமாவதி என்னிடம்கூட வருத்தப்பட்டிருந்தாள். நல்ல செய்தி என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மட்ட குவியலாண்ட அதுக்கு இன்னா வேலை?"

"தெரியல. காலைல அடுப்புக்கு மட்ட உருவுனப்ப அங்கதான் பதினோரு முட்டை எடுத்தேன். சொன்னா கத்துவன்னு சொல்லல. சூடா இருந்துச்சி, அப்பத்தான் போட்டுக்கீதுன்னு நெனச்சேன். கழுவி, தேதி போட்டு, மேல் அட்டையில எடம் காலியா இருந்துச்சே, அதுல வச்சிட்டேன்."

"இன்னாத்துல தேதி போட்ட?"

"பேனாவுலதான். உன் பென்சில் கெடைக்கல."

நான் என் பாத்திரத்துக்குள் பார்த்தேன். ஆறில் மூன்று முட்டைகளில் நீல மையில் தேதி இருந்தது. 

அந்த முட்டைகள் சூடாக இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் போட்டது இல்லை. கருப்பி பன்னிரண்டு நாளாக அதன் மேல் அடை படுத்திருக்கிறாள். இரை தின்ன எழுந்து போன நேரத்தில் இவர் கைவைத்திருக்கிறார். முப்பது வருடமாகக் கரும்பலகையில் நான் வரைந்து காட்டுகிற படம் அது. பன்னிரண்டு நாளில் கண் இருக்கும், அலகு இருக்கும், முதுகில் ஈர முடி மாதிரி இறகு முளைத்திருக்கும்.

ஹேமாவதி ஃபோனை வைத்துவிட்டு என் கேட் படியில் உட்கார்ந்துவிட்டாள். "பேனா எழுத்தப் பாத்தேன் டீச்சர். பென்சில் தேஞ்சிடுச்சி போலன்னு நெனச்சிக்கினு எடுத்து எடுத்துக் குடுத்தேன். மாமி வூட்டுக்கு அந்த அட்டையிலேர்ந்துதான் மொதல்ல குடுத்தேன்."

"மேல் அட்டை முப்பது. யார் யாருக்குப் போச்சு, நிதானமா சொல்லு."

விரல் விட்டுச் சொன்னாள். மாமிக்கு நாலு. ஜிம் போகிற சிவகுமாருக்கு எட்டு. ஐ.டி. கம்பெனி ஸ்நேகாவுக்குப் பன்னிரண்டு. எனக்கு ஆறு. என்னிடம் மூன்று கிடைத்துவிட்டது. மிச்சம் எட்டு நீல முட்டைகள் அந்த மூன்று வீடுகளில் இருக்கின்றன.

மாமிக்கு ஃபோன் போட்டோம். பூஜை முடிகிற வரை அவர்கள் ஃபோன் அலமாரிக்குள் இருக்கும். மாமாவுக்கு முட்டை ஒன்பதேகாலுக்கு. ஸ்நேகா எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை. சிவகுமாரும் எடுக்கவில்லை. அவன் எட்டரைக்கு ஜிம்மிலிருந்து வந்ததும் முட்டையைப் பச்சையாக டம்ளரில் உடைத்து ஊற்றி ஒரே மூச்சில் குடிக்கிறவன். 

"ஏறு" என்று சொல்லி என் ஸ்கூட்டியை எடுத்தேன். ஒரு துண்டில் சுற்றிய மூன்று முட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். அவள் வண்டி என் கேட்டில் நின்றது. வேதபாடத்தை யாராவது வாசித்துக்கொள்ளட்டும், கர்த்தர் என்னை மன்னிப்பார். பாஸ்டர் மன்னிப்பாரா என்பது சந்தேகம்.

சிவகுமார் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஹேமாவதி இரண்டிரண்டு படியாக ஏறினாள். நான் ஐம்பத்தேழு வயதுக்கு உரிய வேகத்தில் ஏறினேன். கதவு திறந்திருந்தது. பையன் மேஜைக்கு முன்னால் வியர்வையோடு நிற்கிறான். டம்ளரில் ஏற்கெனவே இரண்டு மஞ்சள் கரு மிதக்கிறது. கையில் மூன்றாவது முட்டை, ஸ்பூனால் தட்டப் போகிறான். அதில் நீல எழுத்து தெரிந்தது.

ஹேமாவதி காத்திருக்கவில்லை. நேராகப் போய் அவன் கையிலிருந்து முட்டையைப் பிடுங்கினாள்.

"என்னக்கா?"

"பழைய முட்டை கலந்துடுச்சி தம்பி. மாத்தித் தரேன்."

மிச்சம் இருந்த ஐந்தில் இன்னொரு நீல முட்டை இருந்தது. அதையும் எடுத்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் குடித்தான். கீழே இறங்கும்போது ஹேமாவதி கைக்கு வந்த முட்டைகளை எண்ணினாள். "ஆறு" என்றாள். ஐந்து என்று திருத்தினேன்.

ஸ்நேகா வீட்டில் காலிங் பெல்லை நாலு முறை அடிக்க வேண்டியிருந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு அவள் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து குக்கர் ஆவி வாசனை வந்தது.

"அக்கா, நான் தூங்கிட்டேன், ஹஸ்பெண்ட்தான் ப்ரேக்ஃபாஸ்ட் பண்றார். எனிதிங் ராங்?"

"முட்டை எங்க மேடம்?"

பாதி ஃப்ரிட்ஜில், பாதி அடுப்பில் என்றாள். ஃப்ரிட்ஜில் இருந்த ஆறில் மூன்று நீலம். அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் ஆறு முட்டை உருண்டுகொண்டிருந்தன. மை கரைந்து போயிருந்தது. ஆனால் நெருங்கிப் பார்த்தால் இரண்டு முட்டைகளில் நீலக்கறை இருந்தது. ஹேமாவதி கரண்டியால் அந்த இரண்டையும் எடுத்தாள். சூடு பொறுக்காமல் கை மாற்றிக்கொண்டே முந்தானையில் போட்டு முடிந்தாள்.

ஸ்நேகா கேட்டாள், "என்னக்கா ப்ராப்ளம்?"

"தேதி தப்பா போட்டுட்டோம் மேடம். அதான்."

"தேதி தப்புக்கா சண்டே காலைல வீடு தேடி வந்தீங்க? சூப்பர்க்கா. யாரு இப்படிப் பண்ணுவா இந்தக் காலத்துல."

நாங்கள் படி இறங்குவதற்குள் என் ஃபோன் டிங் என்றது. குழுவில் ஸ்நேகா எழுதியிருந்தாள். ஹேமாக்கா தேதி தப்பாகிவிட்டது என்று வீடு வீடாக வந்து மாற்றித் தருகிறார், இந்த ஹானஸ்டியை நாம் எல்லோரும் சப்போர்ட் பண்ண வேண்டும் என்று. அதற்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு இதயங்கள் வந்து விழுந்தன. ஹேமாவதிக்குக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

அவள் படியில் நின்றுவிட்டாள். முந்தானை முடிச்சைத் தொட்டாள். "இது ரெண்டும் போச்சு டீச்சர். வெந்நியில போட்டுக் கொன்னுட்டோம். அதுக்கு இதயம் போடுறாங்க."

"அழுதுக்கிட்டு நிக்காதே. இன்னும் ஒண்ணு இருக்கு. மணி எட்டு ஐம்பத்தஞ்சு."

ஏரிக்கரை வழியாகப் போனால் ஆறு நிமிடம். அன்று பார்த்து கரையில் யாரோ நடைப்போட்டி வைத்திருந்தார்கள். டி-ஷர்ட் போட்ட கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. ஹார்ன் அடித்தால் கையைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு வகுப்பையே முட்டி போட வைத்திருப்பேன். பின்னாலிருந்து ஹேமாவதி என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே வந்தது.

"மாமா ஒருவாட்டி அதப் பாத்துட்டார்னா இனிமே ஒரு வாய் சோறுகூட எறங்காது டீச்சர். மாமி என் மொகத்துல முழிக்க மாட்டாங்க. அவங்க சொல்லித்தான நாப்பத்தெட்டு வூடு."

எனக்கும் அது தெரியும். கூட்டத்தில் கிடைத்த இடைவெளியில் வண்டியை நுழைத்தேன்.

மாமி வீட்டுக் கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. மணி ஒன்பது பன்னிரண்டு. கூடத்தில் பட்டாபிராமன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பனிக்குத் தலையில் குரங்குக் குல்லா. என்னைப் பார்த்ததும் "வாங்கோ டீச்சர்" என்றார். நாங்கள் நிற்காமல் பின் பால்கனிக்கு ஓடினோம். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது. மாமி ஒரு கரண்டியில் முட்டையை வைத்து, கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, கையைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, போடாதீங்க" என்றாள் ஹேமாவதி.

மாமி கண் திறந்தார்கள். கரண்டி தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. முட்டையில் நீல எழுத்து. ஹேமாவதி அதை மெல்ல எடுத்துக்கொண்டாள். கூடையில் இருந்த மற்ற மூன்றையும் பார்த்தேன். எல்லாம் பென்சில். பதினொன்றும் கைக்கு வந்துவிட்டது. 

"ஏதோ விபரீதம்னு நெனச்சேன். நம்ம பக்கத்தாத்துப் பொண்ணு இப்போதான் காட்டினா, தேதி தப்புன்னு மாத்திக் குடுக்கறியாமே" என்றார்கள் மாமி. "இதுக்குப் போயா இப்படி மூச்சு வாங்க ஓடி வரணும். வேற முட்டையைப் போட்டுக்கறேன்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. யாருக்கும் தெரியாது. நான் ஹேமாவதியின் முதுகில் கைவைத்து வாசல் பக்கம் தள்ளினேன். கூடம் வரை வந்தாள். அங்கே நின்று, கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள்.

"மாமி, இது தேதி தப்பு இல்ல. இதுல உசுரு கீது."

எனக்கு அந்த நிமிடம் அவள் மேல் வந்த ஆத்திரத்தை மறைக்க மாட்டேன். எல்லாம் கூடி வந்த நேரத்தில் கெடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன்.

மாமி கரண்டியோடு பால்கனி வாசலிலேயே நின்றார்கள். பட்டாபிராமன்தான் பேசினார். "காட்டு."

பூஜை அறை விளக்கு அணைந்து இருட்டாக இருந்தது. அதன் வாசலில் நின்று என் ஃபோன் டார்ச்சை ஏற்றினேன். ஹேமாவதி முட்டையின் அகலமான முனையை அதன் மேல் வைத்தாள். ஓடு சிவப்பாக எரிந்தது. உள்ளே கிளை கிளையாக ரத்த நரம்புகள், நடுவில் கருப்பாக ஒன்று. அது ஒருமுறை வெட்டி இழுத்து அசைந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்த பட்டாபிராமன் குனிந்து பார்த்தார். மாமியும் பார்த்தார்கள், இந்த முறை கண்ணை மூடாமல்.

"சேவலே இல்லைன்னியே" என்றார்கள் மாமி.

"ஆடியிலேர்ந்து கீது மாமி. வேண்டுதல் சேவல். அன்னன்னிக்கி எடுக்குற முட்டையில எதுவும் வளராது. ஆனா இல்லன்னு சொன்னது பொய். உங்க மொகத்தப் பாத்துப் பொய் சொன்னேன்."

"அப்படிச் சொல்லச் சொன்னது நான்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். முப்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பதிலுக்கு அந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்களோ அங்கேதான் நானும் பார்த்தேன். தரையை.

மாமி பால்கனிக்குப் போய் அடுப்பை அணைத்தார்கள். கூடையை மூன்று முட்டையோடு எடுத்துவந்து ஹேமாவதியிடம் நீட்டினார்கள். "இனிமே வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னார்கள். ஹேமாவதி வாங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கையில்லை.

நாங்கள் செருப்பு போடும்போது பட்டாபிராமன் கூப்பிட்டார். "கையில வச்சிண்டு அவ்வளவு தூரம் போனா ஆறிப்போயிடாதோ?" தலையிலிருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி நீட்டினார். அவர் தலைச்சூடு அதில் இன்னும் இருந்தது. ஹேமாவதி உயிருள்ள ஒன்பது முட்டையையும் அதற்குள் வைத்தாள். மாமி வீட்டு முட்டையில் மட்டும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

படப்பை வரை நான்தான் ஓட்டினேன். முடிச்சூர் சாலையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி ஏற்றினேன். வழியில் மண்ணிவாக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொல்லி ஹேமாவதி குழுவில் குரல் செய்தி போட்டாள். சேவல், கருப்பி, பதினோரு முட்டை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்று நிமிடம் பேசினாள். இதயங்கள் நின்றன. பண்ணைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினேழு வீடு குழுவைவிட்டு வெளியேறியிருந்தது. முதலில் போனவன் சிவகுமார். பச்சை முட்டை குடிக்கிறவனுக்கு அப்படி ஒரு ரோஷம்.

அரிகிருஷ்ணன் வாசலில் நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். கருப்பி இன்னும் மட்டைக் குவியலைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். ஹேமாவதி குழியைச் சரிசெய்து ஒன்பது முட்டையையும் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். கால்மணி நேரம் கோழி கிட்டே வரவில்லை. வந்து மூக்கால் இரண்டு மூன்றைப் புரட்டிப் பார்த்தது. பிறகு இறகை விரித்து அதன் மேல் உட்கார்ந்தது. கூரை மேல் நின்று அந்தச் சேவல் கூவியது. அதை யாரும் விரட்டவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஐந்து குஞ்சு பொரிந்தது.

அடுத்த நாள் புதன். ஹேமாவதி குல்லாவைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்கும் தனியாகப் போகப் பயம்தான். கதவைத் திறந்த மாமி குல்லாவை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே கூப்பிடவில்லை.

"பொரிஞ்சுதோ?"

"வட்டம் போட்டது பொரிஞ்சிடுச்சி மாமி. மொத ஆளா வந்துச்சி."

உள்ளேயிருந்து பட்டாபிராமனின் குரல் கேட்டது. "அந்தச் சேவல் இன்னும் இருக்கா?"

ஹேமாவதி என்னைப் பார்க்கவில்லை. "கீது சார்."

"இல்லைன்னு சொல்லியிருந்தா இன்னிக்கே வாங்கியிருப்பேன். கால்ல பலமே இல்லை."

"தெரியும் சார். அதான் இல்லன்னு சொல்லல."

 மாமி குல்லாவை விரித்துப் பார்த்து மறுபடி மடித்தார்கள். "தைத் திருவிழா வரைக்கும்தானே அது திரியும்னு உன் செய்தியில சொன்னே? அப்புறம் அதை எங்க கொண்டு விடுவேள்?"

நான் ஹேமாவதியின் முழங்கையில் இடித்தேன். கோயில் தோட்டத்தில் விடுவார்கள் என்று சொல்லித் தொலைத்தால் தை முடிந்ததும் மாமி மறுபடி வாங்குவார்கள். மற்ற வீடுகளும் திரும்பி வரும். அவளுக்கும் அது தெரியும். இடித்த இடத்தைத் தடவிக்கொண்டாள்.

"அம்மனுக்கு அறுத்துடுவாங்க மாமி."

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். சாத்தப் போகிறார்கள் என்று நினைத்து நான் ஒரு படி பின்னால் இறங்கிவிட்டேன்.

"உங்கிட்ட ஒண்ணுமே கேக்கப்படாது போலிருக்கே" என்றார்கள். பிறகு கதவை அகலத் திறந்தார்கள். "ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காருங்கோ. காபி கலந்துண்டு வரேன்."

நான் சோபாவில் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக அந்த வாசலோடு திரும்பிப் போகிற ஹேமாவதி எதில் உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். பட்டாபிராமன் வாக்கரால் தன் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்து, குஞ்சுகளின் படத்தை ஃபோனில் தேட ஆரம்பித்தாள்.